நான்கு டயரிலும் ஒரே குறைவு

போன மார்கழியில், கெபெக் மாகாணத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையருகில் நின்ற ஒருவர் பக்கத்தில் நின்றவருக்கு மிக உறுதியான குரலில் சொன்னார்: "ஐஸில ஓடேக்க டயரில காத்தைக் கொஞ்சம் இறக்கி விடோணும். அப்பதான் றோட்டைப் பிடிக்கும்."

நான் கையில் இருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டேன்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. இடியப்பம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் சொல்லுறதுதானே அக்கா," என்றார் அவர். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்காரி இடையில் புகுந்து, நான் ஓய்வு பெறும்வரை லாசாலில் டயர் கடையில் வேலை செய்தவள் என்று எல்லாருக்கும் சொன்னாள். உடனே கேள்விகள் வந்தன. கூட்டுவதா, குறைப்பதா, அப்படியே விடுவதா? சுருக்கமாகச் சொன்னேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டகத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதில் உள்ள அளவுதான் அளவு. கார் ஓடாமல் ஆறி நிற்கும்போது பார்க்க வேண்டும். குளிர் இறங்க இறங்கக் காற்றும் இறங்கும், ஆகவே அடிக்கடி பார்த்து நிரப்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் இதற்குப் போய்க் குரலை உயர்த்தினேன் என்று அங்கே சொல்லவில்லை. பிள்ளைகள் கேக் வெட்டக் காத்திருந்தார்கள். இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் திருகோணமலைக்காரி. யோகராணி என்பது என் பெயர். அந்தக் கடைக்கு நான் துப்புரவு வேலைக்குத்தான் போனேன். கெபெக்கில் டிசம்பர் நடுவிலிருந்து எல்லாக் காருக்கும் வின்டர் டயர் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, கடைவாசலில் நின்ற கார் வரிசை தெருமுனையைத் தாண்டிப் போனது. ஆள் போதவில்லை. தும்புத்தடியை வைத்துவிட்டு உள்ளே வா என்றார்கள். போனேன். பிறகு தும்புத்தடியைத் தொடவில்லை. முதல் இரண்டு குளிர்காலமும் இடுப்பு முறிந்தது, நகத்துக்குள் கறுப்பு ஏறியது, பிரெஞ்சு வந்தது. பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். யோகராணி என்பது அவர்கள் வாயில் 'மதாம் யோகா' ஆகிவிட்டது. எந்த இடத்தில் யோகா வகுப்பு நடத்துகிறீர்கள் என்று டயர் மாற்ற வந்த பெண்கள் கேட்பார்கள். ஆரம்பத்தில் சிரித்தேன். பிறகு 'வெள்ளிக்கிழமைகளில் மட்டும்' என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர் கயெத்தான். வடக்கே மரம் அரியும் ஊரொன்றில் பிறந்தவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். வாடிக்கையாளருக்கு போன்ஜூர் சொல்லுமுன் காரை ஒருமுறை சுற்றி நடப்பார். கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் அளக்கமாட்டார். "ஓடி வந்த டயர் பொய் சொல்லும். காப்பி குடியுங்கள்," என்பார். அவசரம் என்று யாராவது கத்தினால் காரின் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இன்னும் மரியாதையாகப் பேசுவார். அவருக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதை அந்த மரியாதையைக் கொண்டுதான் நாங்கள் கண்டுபிடிப்போம். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டையும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார்.

எனக்குக் காற்றைப் பற்றி அவர் வாயால் விளக்கியதில்லை. ஒரு தை மாதக் காலையில், சூடேற்றிய கடைக்குள் ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்து, என்னைக் கொண்டே சரியான அளவுக்குக் காற்றடிப்பித்தார். பிறகு அதைப் பின்முற்றத்துக்கு உருட்டிக்கொண்டுபோய்ப் பனியில் சாய்த்துவிட்டு வரச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அளந்து பார் என்றார். பார்த்தேன். காற்றளக்கும் கேஜில் ஐந்து பி.எஸ்.ஐ. குறைந்திருந்தது. ஆணி இல்லை, வெடிப்பு இல்லை, யாரும் தொடவும் இல்லை. கேஜ்தான் பழுது என்று நினைத்து ஓடிப்போய் வேறொன்று எடுத்துவந்தேன். அதுவும் அதையேதான் காட்டியது. இத்தனை நாளும் உள்ளே வைத்துக் காற்றடித்து அனுப்பிய கார்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

"அதனால்தான் நான் குளிர் நாளில் உன் பின்னால் வந்து ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூட்டி அடித்துவிடுகிறேன்," என்றார் கயெத்தான். அதை அவர் செய்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

காற்றை இறக்கினால் ஐஸில் பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் வருவார்கள். ஆழமான பனியில் புதைந்துபோன வண்டியை ஊர்ந்து வெளியே எடுக்கச் சிலர் இறக்குவதுண்டு. எடுத்தவுடன் திரும்ப அடித்துவிடுவார்கள். ஆனால் ஓடும் தெருவுக்கு அது ஆகாது. காற்றுக் குறைந்த டயர் நசுங்கி, ஐஸைக் கடிக்க வேண்டிய சின்னச் சின்ன வெட்டுகள் மூடிக்கொள்ளும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் கழித்துத்தான் கேட்கும். பக்கவாட்டில் வேகமாகத் தள்ளுப்பட்டால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும். அப்படிக் கழன்ற ஒரு மாணவனின் கார் ஒருமுறை டோ ட்ரக்கில் வந்தது. ரிம்முக்கும் ரப்பருக்கும் இடையில் பனி சீமெந்து போல இறுகிக் கிடந்தது. அவன் நடந்து வந்தான், அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். இவையெல்லாம் சாதாரண விஷயங்கள். தர்சினியின் கார்தான் சாதாரணமில்லை.

தர்சினி முதலில் வந்தது ஒரு தை மாதத்தில். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. விடியுமுன் தொடங்கும் ஷிப்ட். பெரிய குளிர்ச்சட்டைக்குள் வேலைச் சீருடையோடு வந்து, பிரெஞ்சில் தடுமாறிக்கொண்டிருந்தவள், என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து, "அக்கா, நீங்க தமிழோ?" என்றாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. இரண்டு பிள்ளைகள், பெரியவள் பள்ளிக்கூடம், சின்னவன் கார்டரி என்ற பிள்ளைக் காப்பகம். கணவன் நிர்மலனுக்குத் தொழிற்சாலை வேலை. ஊரிலிருந்து கூப்பிட்டு எடுத்த அப்பாவும் கூடவே இருக்கிறார். கார் பழையது, காற்றுக் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு அதில் இல்லை.

"ஓடேக்க ஒரு மாதிரி இழுக்குது அக்கா. சேத்துக்குள்ள போற மாதிரி."

அளந்தேன். நான்கிலும் குறைவு. கடும் குளிர் வாரம் அது. குளிர்தான் காரணம் என்று நிரப்பி அனுப்பினோம்.

அடுத்த வாரமே திரும்பி வந்தாள். மறுபடியும் நான்கிலும் குறைவு. கயெத்தான் நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொன்னார். ஒவ்வொன்றையும் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. ரிம் விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. ஈரம் உள்ளே உறைந்து வால்வு மூடாமல் நிற்பதுண்டு. அதற்காக நான்கு வால்வின் உள் ஊசியையும் புதிதாகப் போட்டார். மூடிகளையும் புதிதாக, தானே இறுக்கித் திருகினார்.

மூன்றாம் தடவை அவள் வந்தபோது கயெத்தான் என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே முழங்காலில் இருந்து அளந்தார். மூடிகள் இறுக்கமில்லாமல் விரல்நுனியால் மட்டும் திருகியிருந்தன. அளந்த எண்ணைச் சத்தமாகச் சொல்வது அவர் வழக்கம். முன் இடது, பின் இடது, பின் வலது, முன் வலது. நான்கு தடவையும் ஒரே எண்ணைச் சொன்னார். நான்காவதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

ஆணி ஒரு டயரில்தான் ஏறும். பழுதான வால்வு நான்கும் ஒரே அளவில் ஒழுகாது. குளிர் நான்கையும் ஒரே மாதிரிக் குறைக்கும், ஆனால் இவ்வளவு குறைக்காது.

"யாரோ," என்றார் கயெத்தான்.

"யார்?"

"யார் என்று எனக்குத் தெரியாது, மதாம் யோகா. என்னவென்றுதான் தெரியும். ஒரு கை வால்வைத் திறந்திருக்கிறது. அவளிடம் உன் மொழியில் சொல்."

காப்பி இயந்திரம் இருந்த சின்ன அறைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. "காத்துப் போகுது எண்டு சொல்லுறியளோ?"

"போகேல்லை தங்கச்சி. ஆரோ இறக்கி விடுகினம்."

"எங்கட வீட்டு வாசலில நிக்கிற கார் அக்கா. அங்க ஆர் வாறது?" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. "அவர்தான்," என்றாள்.

"ஆர்?"

"என்ர மனுசன். இந்த வேலையை விடு, விடு எண்டு ஒரு வருசமாச் சண்டை. விடியக்காலமை இருட்டுக்குள்ள ஐஸில போறாய், பிள்ளையளைப் பாக்க ஆளில்லை எண்டு. போன கிழமை கத்தினவர், 'கார் நிண்டாத்தான் நீயும் நிப்பாய்' எண்டு." காப்பிக் கோப்பையை மேசையில் வைக்கப் போனாள், மேசை விளிம்பில் வைத்துவிட்டாள். அது விழுந்து கொட்டியது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.

கயெத்தான் கதவடியில் வந்து நின்றார். பொலிஸுக்குச் சொல்லலாம் என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் கடையிலிருந்து ஒரு சின்னக் கேஜைக் கொடுத்து, தினமும் சாவி போடுமுன் நான்கையும் அளக்க வேண்டும் என்று செய்து காட்டினார். "யார் என்பதைப் பிறகு பார். முதலில் எண்ணைப் பார்," என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவள் ஓம் ஓம் என்றாள். கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு நடந்தவற்றை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம். அன்று பின்னேரமே அவள் நிர்மலனைக் கேட்டிருக்கிறாள். அவன் இல்லை என்றிருக்கிறான். அவள் நம்பவில்லை. சில நாட்கள் இருவரும் கதைக்கவில்லை. சனிக்கிழமை காலை, அவன் வேலைக்குப் போனபின், ஒரு பெட்டியில் உடுப்புகளைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பின்னால் இருத்தி, அப்பாவை முன்னால் இருத்தி, ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டாள். 'சும்மா கொஞ்ச நாள் நிண்டிட்டு வருவம்' என்று மட்டும் முதல்நாள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவசரத்திலும் ஆத்திரத்திலும் டயரைப் பார்க்கவில்லை.

ஒன்ராறியோ எல்லையை எட்டுமுன் கார் சுழன்றது.

திங்கட்கிழமை காலை டோ ட்ரக் அந்தக் காரைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் இறக்கியது. அதை அங்கே அனுப்பச் சொன்னது நிர்மலன் என்று சாரதி சொன்னார். முன் இடதுபக்கம் முழுவதும் உள்ளே போயிருந்தது. பின் வலது டயர் ரிம்மை விட்டுக் கழன்று அச்சில் தொங்கியது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. பின்கண்ணாடிக்குள்ளால் பிள்ளையின் இருக்கை தெரிந்தது.

"தாய்?" என்று கயெத்தான் கேட்டார்.

இடுப்பெலும்பும் காறையெலும்பும் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை என்றார் சாரதி. கயெத்தான் கையுறையைக் கழற்றினார். காற்று மிஞ்சியிருந்த மூன்று டயர்களையும் வெளியே வைத்தே அளந்தார். இரண்டு இரவு குளிரில் கிடந்த கார், அதற்கான குறைவையும் கூட்டிப் பார்த்தார். அப்படியும் கதவில் எழுதியிருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. மூன்றும் ஒரே எண்.

பத்து மணியளவில் இரண்டு பேர் பஸ்ஸால் இறங்கி முற்றத்துக்குள் வந்தார்கள். ஒருவன் உயரமானவன், சவரம் செய்யாத முகம். அவனை நான் பார்த்ததில்லை, ஆனால் யாரென்று தெரிந்துவிட்டது. எனக்கு வாய்க்குள் வார்த்தைகள் திரண்டன. மற்றவர் வயதானவர், கம்பளித் தொப்பிக்குக் கீழே நெற்றியில் பிளாஸ்டர்.

"நான் தர்சினியின்ர ஹஸ்பண்ட்," என்றான் அவன். "பிள்ளையளின்ர சாமானுகளை எடுக்க வந்தனாங்கள். இவர் மாமா, அவவின்ர அப்பா. செல்லத்துரை. இவரும் காருக்குள்ளதான் இருந்தவர்."

பெரியவர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தார். உண்மையாகவே மலர்ந்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"பாத்தியோ பிள்ளை, கார் இப்பிடிக் கிடக்கு. ஆனா உள்ளுக்க இருந்த சின்னனுகளுக்கு ஒண்டும் இல்லை. நான் காத்தை இறக்கி விட்டபடியால்தான் தப்பினது. தூரப் பயணம், சினோவும் கொட்டும் எண்டு ரீவியில சொன்னவங்கள். அதால முதல்நாள் பின்னேரம் நல்லா இறக்கி விட்டனான்."

நிர்மலன் காரின் கதவைத் திறக்கப் போனவன் கைப்பிடியில் கை வைத்தபடியே திரும்பினான்.

"என்ன மாமா சொல்லுறியள்?"

"உங்களுக்குச் சொன்னா ஏசுவியள் எண்டு சொல்லேல்லை தம்பி. நான் வடமராட்சி கிழக்கில இருபது வருசம் லொறி ஓடினனான். மணலுக்குள்ள காத்தை இறக்காம ஒரு அடி போகேலாது. இங்க சினோவும் மணல் மாதிரித்தானே கிடக்கு? பிள்ளை விடிய இருட்டில போகுது. எனக்கு நித்திரை வராது. அதால ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா நகத்தால வால்வை அமத்தி, கையால பாத்துப் பாத்து, நாலையும் ஒரே அளவா விடுவன். நாலும் ஒரே அளவா இருக்கோணும், அதுதான் முக்கியம்."

"என்ன சொல்கிறார்?" என்று கயெத்தான் கேட்டார்.

நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதே என் பிரெஞ்சு குழம்பியது. கயெத்தான் அருகில் கிடந்த டயர் அடுக்கின்மேல் மெல்ல உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

பெரியவர் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏன்? நான் இறக்கினபடியால்தானே தப்பினது?" என்று கேட்டார். மருமகனைப் பார்த்து, "என்ன தம்பி?" என்றார்.

நிர்மலன் வாய் திறந்தான். "ஓம் மாமா," என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் முகத்தில் அது வந்து நின்றது. ஆனால் அப்படி விட்டால் அடுத்த காருக்கும் அந்தக் கை போகும். அதை நானும் நினைத்தேன், அவனும் நினைத்திருப்பான். வாயை மூடிக்கொண்டு கயெத்தானைப் பார்த்தான்.

கயெத்தான் எழுந்தார். பின் இடது சக்கரத்தை, அதாவது சுழன்றும் கழலாமல் நின்ற ஒன்றை, கழற்றி உள்ளே கொண்டுவந்தார். இயந்திரத்தில் வைத்து டயரை ரிம்மிலிருந்து பிரித்தார். பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, "மிஸ்யூ," என்று சொல்லி, டயரின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்க்கும்படி சைகை செய்தார். அவரது அந்த மரியாதை கோபத்தின் மரியாதை அல்ல. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

செல்லத்துரை ஐயா கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது விரல்களில் கரி போலக் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது. காற்றில்லாமல் வேகமாக ஓடிய டயர் தன் உள்பக்கத்தையே அரைத்துத் தள்ளும் தூள் அது. டயர் வேலை தெரிந்த எவருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அவர் லொறிக்காரர். தூளைப் பெருவிரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் கையை விட்டுப் பக்கச் சுவரைச் சுற்றித் தடவினார். எல்லா இடத்திலும் அது இருந்தது.

"இது மெத்து மெத்தெண்டு ஓடியிருக்கு," என்றார் தனக்குத்தானே. "மணலில நாங்கள் ஊர்ந்துதான் போவம். தார் றோட்டு வந்தவுடன் இறங்கி நிண்டு அடிப்பம்." கறுப்பான கையை உடம்பில் முட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான்தான் பிள்ளையை ஆஸ்பத்திரியில படுக்க வச்சனான்," என்றார்.

நிர்மலன் அவர் தோளைப் பிடித்தான். "மாமா, அவவுக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். விடுங்கோ."

"ஏன் சொல்ல வேண்டாம்?"

"அவ நான்தான் இறக்கினது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. அதாலதான் வீட்டை விட்டு வெளிக்கிட்டவ. இப்ப நீங்கள் எண்டு தெரிஞ்சா தாங்கமாட்டா. நான் எண்டே இருக்கட்டும்."

அது பெரியவருக்கு இரண்டாவது அடி. சும்மா கொஞ்ச நாள் தங்கப் போகும் பயணம் என்றுதான் அவர் காரில் ஏறியிருந்தார். அந்தப் பயணமே தன் நகத்தால் தொடங்கியது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான் அவர் விழுந்துவிடுவார் என்று பயந்து கதிரையை இழுத்தேன். அவர் இருக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

கயெத்தான் கடை வான் வண்டியின் சாவியை என் கையில் வைத்தார். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பெரியவர் கையைக் கழுவவில்லை. மடியில் ஒரு கடதாசியை விரித்து அதன்மேல் கையை வைத்திருந்தார்.

தர்சினி கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். நிர்மலனைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். நான் கதவடியில் நின்றுவிட்டேன். பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கட்டில் காலடியில் போய் நின்றார்.

"பிள்ளை, நான்தான் காத்தை இறக்கினது. உவன் இல்லை. முதல்நாளிலயிருந்து நான்தான். சினோவில பிடிக்கும் எண்டு நினைச்சு விட்டனான். பிழைச்சுப் போச்சு."

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். அப்பாவைப் பார்த்தாள். அவருடைய கையைப் பார்த்தாள். நிர்மலனைப் பார்த்தாள். திரும்ப அப்பாவைப் பார்த்தாள். கண்ணில் கண்ணீர் இல்லை. கேட்டது காதுக்குள் போய்ச் சேர அவ்வளவு நேரம் எடுத்தது.

"பின்னுக்குப் பிள்ளையள் இருந்தவை, அப்பா," என்றாள்.

அவர் ஓம் என்று தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே நின்றார்.

பிறகு அவள் நிர்மலனிடம், "நீங்க ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"நான் இல்லை எண்டு ஒருக்காச் சொன்னனான். ரெண்டாந்தரம் சொல்ல ரோசம் விடேல்லை."

நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன். சிறிது நேரத்தில் நிர்மலனும் வெளியே வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லட்டோ? நான் காரைத் தொடேல்லை. சத்தியமாத் தொடேல்லை. ஆனா திரும்பவும் காத்துப் போட்டுது எண்டு அவ வந்து சொல்லேக்க எனக்குச் சந்தோசம் வந்தது. இனிக் கார் நிண்டிடும், அவவும் நிண்டிடுவா எண்டு. ஒவ்வொரு தரமும் வந்தது. அவ என்னைக் கேட்டபோது, இல்லை எண்டு சொல்லிப்போட்டு அவவின்ர முகத்தைப் பாக்க என்னால ஏலேல்லை. அதைக் கண்டுதான் அவ நம்பேல்லை."

முற்றத்தில் பெரியவர் முகம் மலர்ந்து சொன்னதைக் கேட்டபோது வந்த திகைப்புக்குச் சற்றும் குறையாத திகைப்பு அது. ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள். ஒருவர் அன்பால் காற்றை இறக்கினார். மற்றவன் இறக்காமலே அது இறங்கட்டும் என்று இருந்தான். இருவரையும் நம்பித்தான் அவள் தினமும் விடியலில் சாவியைப் போட்டிருக்கிறாள்.

"இதை எனக்கு ஏன் சொல்லுறீங்கள் தம்பி?" என்றேன். "சொல்ல வேண்டிய ஆள் உள்ளுக்கல்லோ கிடக்கிறா."

அவன் திரும்பி அறைக்குள் போனான். பெரியவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். நானும் செல்லத்துரை ஐயாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். உள்ளிருந்து அவள் சத்தம் போடுவது கேட்டது. பிறகு அழுவது கேட்டது. பெரியவர் எழும்பப் போனார். நான் அவர் கையைப் பிடித்து இருத்தினேன். என் கையிலும் கறுப்பு ஒட்டியது.

பனி உருகிச் சம்மர் டயர் போடும் காலத்தில் தர்சினி ஊன்றுகோலோடு கடைக்கு வந்தாள். அப்பா அந்த மாசியிலேயே ஸ்காபரோவிலிருந்த அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அவரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் விட்டது நிர்மலன்தான். கோடை கழிய அவள் மறுபடியும் டோர்வலுக்கு வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். நிர்மலன் தன் ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கிறான், பிள்ளைகளைக் காலையில் அவன் பார்ப்பதாக. கயெத்தான் அவளுக்குக் காப்பி எடுத்துவந்து கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

"அப்பாவோட கதைக்கிறனீரோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஞாயிற்றுக்கிழமையில போன் எடுப்பன். அவர் பிள்ளையளின்ர சுகத்தை மட்டும்தான் கேப்பார்." கோப்பையை மேசையின் நடுவில் வைத்தாள். "அண்டைக்கு அப்பா சொன்னதைக் கேட்டு நான் உடைஞ்சு போனன் அக்கா. ஆனா காத்தை இறக்கினது இவர் இல்லை எண்டதுக்காக நான் இவரைத் திருப்பி எடுக்கேல்லை. காத்துப் போகேக்க தனக்குச் சந்தோசம் வந்தது எண்டு கதவைச் சாத்திப்போட்டு எனக்குச் சொன்னாரே, அதுக்குப் பிறகுதான் எடுத்தனான்."